இரண்டு கிலோ கழிவு

எங்கள் கல்லூரி முதல்வர் என்னிடம் ஒப்படைத்த வேலை சொல்வதற்கு எளிது. மலேசிய அரசு விளையாட்டுக்கென்று ஒரு தேசியக் கொள்கையை அப்போதுதான் வகுத்திருந்தது. பதக்கம் வாங்கக்கூடியவர்களுக்கு மட்டுமன்றிக் கிராமத்தார், பெண்கள், தொழிலாளர், உடற்குறை உடையோர் என எல்லாருக்கும் விளையாட்டு என்பது அதன் சாரம். அந்தக் கொள்கை காகிதத்திலிருந்து மண்ணுக்கு எப்படி இறங்குகிறது என்று பார்த்துவந்து உடற்கல்வித் துறைக்கு ஓர் அறிக்கை தர வேண்டும். எண்பதுகளின் கடைசியில், நாற்பத்தொரு வயதில், அந்த வேலையோடு நான் பேராக் மாநிலத்தின் ஈப்போ நகரில் போய் இறங்கினேன். அறிக்கையை உரிய நாளில் கொடுத்துவிட்டேன். அதற்குள் அடங்காமல் நின்றுபோனதை இங்கே எழுதுகிறேன்.

ஈப்போவில் நான் தங்கியது ஞானம்மா டீச்சர் வீட்டில். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். மூன்று தலைமுறையாக ஆசிரியர்களும் அரசாங்க உத்தியோகத்தர்களும். வீட்டின் பின்வாசலைத் திறந்தால் சுண்ணாம்புக்கல் மலை எதிரே செங்குத்தாக நிற்கும். எங்கள் மதுரைப் பக்கத்து மலைகள் தொலைவில் படுத்துக் கிடப்பவை. இந்த மலை கொல்லைக்குள்ளேயே வந்து நின்று எட்டிப் பார்ப்பதுபோல் இருந்தது.

முதல் நாள் காலை டீச்சர் புட்டும் மீன் குழம்பும் பரிமாறினார். தோட்டத்துக்குப் போக வேண்டும் என்றேன்.

"தோட்டத்துக்கோ? அங்கை என்னத்தைப் பார்க்கப் போறியள்? இஞ்சை டவுனிலை நல்ல திடல் இருக்கு. பிள்ளையள் டென்னிஸ் விளையாடுதுகள்."

"கொள்கையில் தோட்டமும் இருக்கிறது, டீச்சர்."

"கொள்கையிலை எல்லாம் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, குழலிலிருந்து இன்னொரு புட்டைத் தள்ளி என் தட்டில் வைத்தார்.

அன்று பகலில் விளையாட்டு அலுவலகத்தில் ஹம்சா என்ற அதிகாரியைச் சந்தித்தேன். உயரமானவர், குரல் மட்டும் மிக மெல்லியது. சுற்றறிக்கையின் ஒவ்வொரு பத்தியையும் எனக்கு ஆங்கிலத்தில் விளக்கினார். ஞாயிற்றுக்கிழமை நகரத் திடலில் மக்கள் விளையாட்டு நாள். பெண்களுக்கான கயிறு இழுக்கும் போட்டிக்கு, பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றிலிருந்து முதன்முறையாக ஓர் அணி பெயர் கொடுத்திருக்கிறது. "தோட்டத்துப் பெண்கள் இதுவரை வந்ததே இல்லை" என்று சொல்லும்போது அவர் முகத்தில் தெரிந்த மகிழ்ச்சி உண்மையானது. எங்கள் ஊரில் இப்படிப்பட்ட சுற்றறிக்கைகளைக் கோப்பில் வைத்து நாடாவால் கட்டிவிடுவார்கள். இவர் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார்.

இரண்டாம் நாள் பீடோருக்குப் பேருந்து ஏறினேன். தோட்டத்தின் பெயரை ஹம்சா ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்திருந்தார். நடத்துநர் தமிழர். காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்தப் பேர்ல இங்க தோட்டமே இல்ல லா, அக்கா."

அந்த 'லா' அங்கே எல்லாருடைய பேச்சின் வாலிலும் ஒட்டிக்கொண்டு வரும். காகிதம் பேருந்து முழுவதும் கைமாறிற்று. கடைசி இருக்கையில் இருந்த ஓர் அம்மாள் கண்ணுக்கு அருகே வைத்துப் படித்தார். "அட, இது கண்ணாடித் தொர தோட்டம் லா!" எப்போதோ மூக்குக்கண்ணாடி அணிந்த வெள்ளைக்காரத் துரை ஒருவர் அங்கே இருந்திருக்கிறார். அவர் போய், அவருக்குப் பின் வந்த துரைமாரும் போய், தோட்டம் எத்தனையோ கை மாறிய பிறகும் கண்ணாடி மட்டும் மிஞ்சியிருக்கிறது. இந்த ஆராய்ச்சி முடிவதற்குள் பேருந்து அந்தச் சந்திப்பைத் தாண்டி இரண்டு மைல் வந்துவிட்டது.

இறங்கித் திரும்பி நடந்தேன். கொய்யாப்பழம் ஏற்றிய சிறு லாரி ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. ஓட்டுநர் வயதான சீனர். "தோட்டம் போறியா, அம்மா? ஏறு லா" என்றார், தமிழில். திகைப்பை நான் மறைத்துக்கொள்ளவில்லை போலும். "நான் சின்னப் பிள்ளையில இவங்களோட கோலி விளையாண்டவன்" என்று சிரித்தார். இறங்கும்போது இரண்டு கொய்யாப்பழம் கொடுத்தார். கல்போல் இருந்தன, உப்பும் மிளகாயும் இல்லாமலே நன்றாக இருந்தன.

தோட்டத்தில் பாதி அப்போதே வெட்டப்பட்டுவிட்டது. விழுந்த ரப்பர் மரங்களுக்கிடையே முழங்கால் உயரத்துக்கு, எண்ணெய் எடுக்கும் செம்பனையின் கன்றுகள் நின்றன. மீதிப் பாதியில் இன்னும் பால் வெட்டிக்கொண்டிருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்தது நடுப்பகல். மழை தூறி ஓய்ந்திருந்தது. பால் நிறுக்கும் கொட்டகையின் முன்னால் பெண்கள் வரிசையாக நின்றார்கள்.

நிறுத்துக்கொண்டிருந்தவர் மாணிக்கம். தோட்டத்து எழுத்தரை அங்கே கிராணி என்பார்கள்; மரியாதைக்குக் கிராணியார். முப்பது ஆண்டாக அந்தத் தராசின் பக்கத்தில் நிற்கிறவர். பெண்கள் மரத்திலும் கோப்பையிலும் ஒட்டிக் காய்ந்த பாலைச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்தார்கள். ஒட்டுப்பால் என்று பெயர். சாக்கைத் தராசில் வைத்ததும் அவர் முள்ளைப் படிப்பார், "ரெண்டு கழிவு" என்று முணுமுணுப்பார், குறைத்து எழுதுவார். ஈரத்துக்கும் மண்ணுக்குமாக இரண்டு கிலோ. யாரும் மறுத்துப் பேசவில்லை. பேசிய காலம் ஒன்று முன்பு இருந்திருக்கலாம்.

சாக்குகள் தீர்ந்ததும் எட்டுப் பெண்கள் மட்டும் நின்றார்கள். அவர்கள்தாம் அணி. போட்டிக்கு அனுப்ப வேண்டிய படிவத்தில் ஒவ்வொருவர் எடையும் குறிக்கப்பட வேண்டும். எட்டுப் பேரும் சேர்ந்து நானூற்று நாற்பது கிலோவுக்கு மேல் போகக் கூடாது. மழைக்காலணிகளைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஒவ்வொருவராக அதே தராசில் ஏறினார்கள்.

"மெதுவா ஏறு லா, தராசு ஒடைஞ்சா கிராணியாரு அழுவாரு."

"ஒன்னைய சாக்குல கட்டிக் கொண்டாந்திருக்கணும்டி."

முள் ஐம்பத்தாறில் நின்றது. மாணிக்கம் ஐம்பத்துநான்கு என்று எழுதினார். பக்கத்தில் நின்று பார்த்தேன். உடுத்தியிருக்கும் துணிக்காகக் கழிக்கிறார் போலும் என்று எண்ணிக்கொண்டேன். கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. கூட்டிப் பார்த்து, நானூற்று முப்பத்தெட்டு என்று அவர் நிறைவோடு கையொப்பமிட்டார்.

அன்றும் மறுநாளும் மாணிக்கத்தின் வீட்டில் தங்கினேன். அவர் மனைவி டின் மீனைப் புளி விட்டுக் கூட்டாக்கிச் சுடுசோற்றோடு போட்டார். இரண்டு மாலையும் அணியின் பயிற்சியைப் பார்த்தேன். வெட்டிச் சாய்த்த ரப்பர் மரம் ஒன்றில் கயிற்றைக் கட்டி இழுப்பார்கள். மரம் அசைந்தால் அன்றைய பயிற்சி முடிந்தது என்று கணக்கு.

முன்னால் நின்று குரல் கொடுப்பவர் லெட்சுமி. மெலிந்த உடம்பு, கணீரென்ற குரல். அவர் "ஐல" என்றால் மற்றவர்கள் "சா" என்று சாய்வார்கள். கடைசியில், கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு நங்கூரம்போல் நிற்பவர் அஞ்சலை. முப்பது வயதிருக்கும். குழந்தையாக இருக்கும்போது வந்த காய்ச்சலில் காது போய்விட்டது, பேச்சும் வரவில்லை. ரப்பர்க் காட்டில் லெட்சுமிக்கு அடுத்த வரிசை மரங்கள் அவருடையவை. இருவரும் விரல்களால் பேசிக்கொள்வார்கள். அந்தப் பேச்சை எந்தப் பள்ளியிலும் கற்றிருக்க முடியாது. கிராணியாரைக் குறிக்க மூக்கைச் சுருக்கிக் காட்டினார்கள் என்பது மட்டும் எனக்குப் புரிந்தது.

அஞ்சலை அந்தத் தோட்டத்தை விட்டு வெளியே போவது பெரும்பாலும் பீடோர் சந்தைக்குத்தான் என்று மாணிக்கத்தின் மனைவி சொன்னார். திருமணம், சடங்கு எதற்கும் யாரும் அழைப்பதில்லை. வந்து நின்றால் என்ன பேசுவது என்று தெரியாதாம். "இந்தக் கயிறுலதான் அவள ஒரு ஆளா சேத்திருக்காங்க. மூணு மாசமா ஒரு நாள் தப்பினதில்ல. ஞாயித்துக்கெழமைக்கு சட்டைய இப்பவே தேச்சு வெச்சிருக்கா."

ஞாயிற்றுக்கிழமை காலை தோட்டத்து லாரியில் எல்லாரும் ஈப்போவுக்குக் கிளம்பினோம். பால் பீப்பாய் ஏற்றும் லாரி. புளித்த பாலின் நாற்றம் எவ்வளவு கழுவியும் போகவில்லை. நகர எல்லை வரும்வரை பாட்டும் கேலியுமாக வந்தவர்கள், கட்டடங்கள் தென்பட்டதும் ஒருவர் சட்டையை ஒருவர் முகர்ந்து பார்த்துக்கொண்டார்கள். ஒரு கடையோரம் நிறுத்தி, நாசி லெமாக் பொட்டலம் வாங்கிக் கொடுத்தார் மாணிக்கம். தேங்காய்ப் பால் சோறு, மேலே நெத்திலி. யாரும் முழுதாக உண்ணவில்லை. அஞ்சலை மட்டும் இரண்டு பொட்டலத்தை முடித்துவிட்டு மூன்றாவதைப் பார்த்தார்.

திடலில் பெரிய கூட்டம். ஒரு பக்கம் வாத்திய அணி. ஒலிபெருக்கியில் மலாய்ப் பாட்டு. போட்டிக்கு முன் எடை பார்க்கும் மேசையில் ஒரு செவிலி அமர்ந்திருந்தார். எட்டுப் பேரும் ஏறி இறங்கினார்கள். அவர் கூட்டிப் பார்த்தார், மறுபடியும் கூட்டினார். நானூற்று ஐம்பத்துநான்கு.

"என்னா கிராணியாரே, இங்க கூடுது?" என்றார் லெட்சுமி.

மாணிக்கம் படிவத்தை வாங்கிப் பார்த்தார். அவர் உதடுகள் அசைந்தன. "எட்டு ரெண்டு பதினாறு" என்றார். பிறகு, மலாய்க்காரர்கள் திடுக்கிட்டால் சொல்வதுபோல், "அலாமா!"

"என்னா அலாமா?"

"கழிச்சிட்டேன் லா. கழிவு. கைப்பழக்கம்."

லெட்சுமி குரலை உயர்த்தாமல் சொன்னார்: "இத்தன வருசமா எங்க ஒட்டுப்பால்ல கழிச்சீங்க. இப்ப எங்க ஒடம்புலயே கழிச்சிட்டீங்க."

"ஒடம்புலயும் மண்ணு தண்ணி இருக்குன்னு கண்டுபுடிச்சிட்டாரு லா!" என்றார் பின்னால் நின்ற பெண். சிரிப்பு எழுந்தது. மாணிக்கம் சிரிக்கவில்லை. முப்பது ஆண்டு எழுதிய கை எங்கே போகிறது என்பதை அவர் அன்றுதான் பார்த்திருப்பார் என்று தோன்றியது.

ஹம்சா விரைந்து வந்தார். மாற்று ஆள் இல்லை. ஆனால் ஏழு பேரோடு இழுக்க விதியில் தடையில்லை; யாராவது ஒருவர் விலகினால் போதும். எட்டு முகங்களையும் பார்த்துவிட்டு அவர் என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார்: "அந்தக் கடைசிப் பெண்ணுக்குக் காது கேட்காதாமே. அவருக்குத் தனிப் போட்டியே இருக்கிறது. மூன்று மணிக்குப் பந்து எறிதல். யாரும் விடுபடக் கூடாது என்றுதான் அதை வைத்திருக்கிறோம்." சட்டைப் பையிலிருந்து சுற்றறிக்கையை எடுத்து அந்தப் பத்தியைக் காட்டவும் செய்தார். அவர் சொன்னதில் கெட்ட எண்ணம் ஒரு துளியும் இல்லை.

மாணிக்கம் மொழிபெயர்த்தார். "அஞ்சலைக்கு வேற போட்டி இருக்காம். அவ அதுல போவட்டும். நீங்க ஏழு பேரு இழுங்க. சுளுவா முடிஞ்சிடும் லா."

ஓரிருவர் தலையசைத்தார்கள். "அவளுக்கும் மனசு நோவாது. இங்க பேண்டு வாத்தியம் வேற. எப்ப இழுக்கச் சொல்றான்னு அவளுக்குக் கேக்கவே கேக்காது" என்றார் ஒருவர்.

"காதாலயா கயிறு இழுக்கிறா?" என்றார் லெட்சுமி.

அஞ்சலை எங்கள் வாய்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றார். தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. தேய்த்த சட்டையின் ஓரத்தை ஒரு கை பிடித்துக்கொண்டிருந்தது.

லெட்சுமி இடுப்பில் கட்டியிருந்த எண் துணியை அவிழ்த்து மேசைமேல் வைத்தார். "நான் வெளிய நிக்கிறேன்."

"அக்கா, நீ இல்லாட்டி யாரு கொரல் குடுக்கிறது?"

"இத்தன நாளா அவ யாரு கொரலக் கேட்டு இழுத்தா? கயித்தப் புடிச்சிக்கிட்டு கம்முனு இருங்க. கயிறே சொல்லும்."

பிறகு அஞ்சலையிடம் திரும்பித் தன் கணுக்காலைத் தொட்டு, விரலை முறுக்கிக் காட்டினார். கால் பிசகிவிட்டது என்று பொருள். அஞ்சலை குனிந்து அந்தக் காலை அமுக்கிப் பார்க்கப் போனார். லெட்சுமி அவரைத் தள்ளிக் கயிற்றுப் பக்கம் அனுப்பினார்.

எதிரணி லூமுட்டிலிருந்து வந்த மலாய் மீனவக் குடும்பத்துப் பெண்கள். தலையில் துணி கட்டி, வெறுங்காலோடு வந்தார்கள். வலை இழுத்துக் காய்த்த கைகள். மூன்று இழுப்பில் இரண்டை வெல்ல வேண்டும். நடுவர் கையை உயர்த்தி "தாரிக்!" என்று கையைத் தாழ்த்துவார். அங்கே இழு என்பதற்கு அதுதான் சொல். டீயை உயரத் தூக்கி ஆற்றுவதற்கும் அதுவேதான்.

முதல் இழுப்பு எண்ணிப் பத்து நொடியில் முடிந்தது. வாத்திய ஓசையில் நடுவர் குரல் யாருக்கும் கேட்கவில்லை. லெட்சுமியின் குரலுக்குப் பழகியவர்கள் அதற்காகவும் காத்திருந்தார்கள். நடுவரின் கையைப் பார்த்து அஞ்சலை மட்டும் சரியான கணத்தில் சாய்ந்திருந்தார். மற்ற ஆறு பேரும் இரண்டாகப் பிரிந்து விழுந்தார்கள்.

எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். லெட்சுமி வெளிக்கோட்டருகே வாயைக் கையால் மூடிக்கொண்டு நின்றார். வெளியே நிற்பவர் குரல் கொடுக்கக் கூடாது என்று நடுவர் ஏற்கெனவே எச்சரித்திருந்தார்.

இரண்டாம் இழுப்பில் அவர்கள் நடுவரைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்து கயிற்றையே பார்த்தார்கள். பின்னாலிருந்து ஓர் இறுக்கம் கயிற்றின் வழியே வந்தது; அது முன்வரிசைக்கு வரும்போது ஏழு முதுகுகளும் சாய்ந்தன. மறுபடியும் ஓர் இறுக்கம், மறுபடியும் சாய்வு. சத்தமே இல்லை. நான் எத்தனையோ கல்லூரிப் போட்டிகளில் கயிறு இழுப்பதைப் பார்த்திருக்கிறேன். கூச்சல் இல்லாமல் பார்த்தது அன்றுதான். கூட்டம்கூடத் தாழ்ந்த குரலில் பேசத் தொடங்கியது. லூமுட் அணி ஓர் அடி, ஓர் அடியாகக் கோட்டைத் தாண்டி வந்தது.

மூன்றாம் இழுப்பு நீண்டது. கயிற்றின் நடுவில் கட்டிய துணி இரண்டு பக்கமும் போகாமல் நடுங்கிக்கொண்டே நின்றது. லெட்சுமி தன் கால் பிசகியதை மறந்துவிட்டார். கோட்டின் ஓரமாக இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓடினார். வாயைத் திறந்து, சத்தமில்லாமல், "ஐல, ஐல" என்று உதடு அசைத்தார். எட்டுக்கு ஏழு பேர். முடிவில், முன்னால் நின்றவரின் கால் வழுக்கியது. ஒவ்வொருவராக இழுபட்டார்கள். அஞ்சலை இறுதியில் உட்கார்ந்தேவிட்டார்; அப்படியும் அவர் குதிகால்கள் புல்லில் இரண்டு சால் பறித்துக்கொண்டே போயின.

தோற்றார்கள். லூமுட் பெண்கள் வந்து கை குலுக்கினார்கள். அவர்களில் மூத்தவர் அஞ்சலையின் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்து மலாயில் ஏதோ சொன்னார். "இவளை எங்கள் படகுக்குக் கொடுத்துவிடுங்கள்" என்றாராம். மாணிக்கம் அதை எல்லாருக்கும் இரண்டு முறை மொழிபெயர்த்தார். அன்று அவர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல சேதி அது.

மூன்று மணிக்கு ஹம்சா சொன்னபடியே வந்து அஞ்சலையை அழைத்தார். திடலின் மறுமூலையில் சுண்ணாம்புக் கோடு. சக்கர நாற்காலியில் இரண்டு இளைஞர்கள். கண் தெரியாத ஒருவர். வேறு ஐந்தாறு பேர். ஒருவருக்கு ஓர் எறிதல். அளப்பதற்கு ஹம்சாவே நீண்ட நாடாவோடு நின்றார். அஞ்சலையின் தோளுக்கு அவ்வளவு தொலைவு ஒரு பொருட்டே அல்ல என்பது எல்லாருக்கும் தெரிந்தது. "பரிசு நம்பளுக்குத்தான் லா" என்று பெண்கள் கோட்டோரம் குந்தினார்கள்.

அஞ்சலை வரிசையில் நிற்காமல் லெட்சுமியின் கையைப் பிடித்துத் தன்னோடு இழுத்துக்கொண்டு போய் நின்றார்.

"இது உடற்குறை உடையவர்களுக்கு மட்டும்" என்றார் ஹம்சா, மலாயில், மிகப் பணிவாக.

"தெரியும் லா, சார்" என்று லெட்சுமி கையை விடுவித்துக்கொண்டு கயிற்று வேலிக்கு வெளியே போய் நின்றார். நடந்து போகும்போது நொண்டிக் காட்ட நினைவு வந்து, நான்கு எட்டு நொண்டினார். தவறான காலில்.

அஞ்சலை அதைப் பார்த்தார். லெட்சுமியின் காலைச் சுட்டினார். பிறகு இரண்டு விரல்களைக் காற்றில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடவிட்டுக் காட்டினார், கோட்டோரம் ஓடினாயே என்பதுபோல். லெட்சுமி தலையைக் குனிந்துகொண்டார். அஞ்சலையின் முகத்தில் கோபம் வந்தது. பிறகு அது போய் வேறு ஒன்று வந்தது. அதற்கு நான் பெயர் வைக்கப் போவதில்லை.

அவர் முறை வந்தது. பந்தை வாங்கிக் கையில் உருட்டிப் பார்த்தார். எதிரே நீண்ட புல்வெளி. அதன் நடுவே, நாடாவின் நுனியைப் பிடித்துக்கொண்டு ஒரு தொண்டர் வெகுதூரம் பின்னால் போய் நின்றிருந்தார். அஞ்சலை அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு அப்படியே உடம்பைத் திருப்பி, வேலிக்கு மேலாக, லெட்சுமியை நோக்கிப் பந்தை எறிந்தார்.

லெட்சுமி அதை எதிர்பார்க்கவில்லை. இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தார். "அடி, பரிசு போச்சு லா!" என்று யாரோ கத்தினார்கள். லெட்சுமி பந்தையும் அஞ்சலையையும் மாறி மாறிப் பார்த்தார். கொஞ்சம் பின்னால் நகர்ந்து, சட்டைக் கையை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு, பந்தைத் திருப்பி எறிந்தார். அஞ்சலை பிடித்தார். மறுபடியும் எறிந்தார்.

ஹம்சா நாடாவோடு என் பக்கத்தில் வந்து நின்றார். "இதை நான் எந்தப் பிரிவில் எழுதுவது?" என்று கேட்டார். பந்து அதற்குள் மூன்றாம் முறை வேலியைத் தாண்டிக்கொண்டிருந்தது.